வெப்பமும் வேலையும்



காவிரியாறு மைசூர் மேட்டு நிலத்திலிருந்து தமிழ்நாட்டுச் சமவெளியை நோக்கி இறங்கி வரும் வழியில், மாதேசுவர மலைப்பக்கத்துக் காடுகளிலிருந்து ஒரு சிற்றாறு வந்து அதனுடன் கலக்கின்றது. பாலாறு என்பது அதன் பெயர். வேலூரையும் ஆம்பூரையும் ஒட்டிச் சென்று கடலையடையும் பெரிய பாலாறு வேறு, இது வேறு. மேட்டூரிலிருந்து மாதேசுவர மலைக்குச் செல்லும் பேருந்துகள் இந்த ஆற்றுப் பாலத்தைக் கடந்தே போகின்றன. பாலத்தின் இப்பக்கம் தமிழ்நாடு, அப்பக்கம் கருநாடகம். மலையை அடுத்த கொள்ளேகால் வட்டம் 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பிறகு மைசூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 1997 முதல் சாமராசநகர் மாவட்டத்தில் இருக்கின்றது. எல்லைக்கோடு இடம் மாறிற்று. தண்ணீர் இறங்கும் சரிவு மட்டும் மாறவில்லை. அந்தச் சரிவைப் பற்றியே இன்று நாம் பேசப்போகின்றோம்.

நாம் எடுத்துக்கொண்ட பொருள் வெப்ப இயக்கவியலின் அரிச்சுவடி. வெப்பம், வேலை, ஆற்றல் என்னும் மூன்று சொற்களையும் நாம் நாள்தோறும் வழங்குகின்றோம். அடுப்படியிலும் பட்டறையிலும் வழங்கும் பொருள் ஒன்று. விஞ்ஞானிகள் வழங்கும் பொருள் சற்று வேறு. இந்த வேறுபாட்டைத் தெளிந்துகொண்டால், மின்சாரக் கட்டணச் சீட்டு முதல் உச்சி வெயிலில் உழைப்பவரின் உயிர் வரையில் பல செய்திகள் நமக்கு விளங்கும். ஆற்றைக் கொண்டு வெப்பத்தை விளக்குவது புதுமையும் அன்று. இந்தத் துறைக்கு வித்திட்ட பிரெஞ்சுப் பொறியியலார் சாடி கார்னோ, 1824-இல் தாம் வெளியிட்ட சிறு நூலிலே, நீராவி எந்திரத்தில் வேலை செய்யும் வெப்பத்தை அருவியாக விழும் தண்ணீருக்கே ஒப்பிட்டார். அந்த ஒப்புமையில் எது சரி, எது சரியன்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

முதலில் வேலை. ஒரு விசை ஒரு பொருளைத் தான் செல்லும் திசையில் நகர்த்துமாயின், அங்கே வேலை நடைபெறுகின்றது. விசையின் அளவை நகர்ந்த தூரத்தால் பெருக்கினால் வேலையின் அளவு கிடைக்கும். நூறு கிராம் எடையுள்ள ஒரு கொய்யாப்பழத்தை ஒரு மீட்டர் உயரம் தூக்கினால், ஏறத்தாழ ஒரு ஜூல் அளவு வேலை செய்தவர்களாவோம். தாதர் ரயில் நிலையத்திலோ ஹௌராவிலோ தலைச்சுமையுடன் வண்டிக்காக அசையாமல் நிற்கும் கூலியாள், அந்த நேரத்தில் சுமையின்மீது ஒரு ஜூல் வேலையும் செய்வதில்லை என்று இயற்பியல் சொல்லும். ஆனால் அவருக்கு வியர்க்கின்றது, கழுத்து வலிக்கின்றது. இயற்பியல் இரக்கமற்றது என்று நினைத்துவிட வேண்டா. அவருடைய தசைகளுக்குள் உணவின் ஆற்றல் செலவாகிக்கொண்டேயிருக்கின்றது. அது சுமையை உயர்த்தாமல் முழுவதும் வெப்பமாக வெளியேறுகின்றது. இதையும் அதே இயற்பியல்தான் சொல்கின்றது. வேலை நடைபெறாத இடத்திலும் ஆற்றல் செலவாகலாம் என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

அடுத்து வெப்பம். பதினெட்டாம் நூற்றாண்டில் வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு திரவம் என்றே அறிஞர் பலரும் எண்ணினர். சூடான பொருளில் அந்தத் திரவம் மிகுதி, குளிர்ந்த பொருளில் குறைவு என்பது அவர்கள் கொள்கை. 1798-இல் ரம்ஃபோர்டு பிரபு மியூனிக் நகரத்து ஆயுதச்சாலையில் பீரங்கிக் குழாய் துளையிடுவதைக் கூர்ந்து நோக்கினார். மழுங்கிய துளைக்கருவி உலோகத்தைத் தேய்க்கத் தேய்க்கச் சூடு வந்துகொண்டே இருந்தது. சுற்றிலும் தண்ணீரை வைத்து, குதிரைகளைக் கொண்டு கருவியைச் சுழற்றினார்; இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் கொதித்தது. அடுப்பில்லை, விறகில்லை. தேய்க்குமளவும் சூடு வற்றாமல் வருமானால், அது முன்பே உள்ளே அடைத்து வைத்திருந்த திரவமாக இருக்க முடியுமா? இயக்கமே சூடாக மாறுகின்றது என்று ரம்ஃபோர்டு முடிவு செய்தார்.

எவ்வளவு வேலைக்கு எவ்வளவு வெப்பம் என்ற கணக்கை நிறுவியவர், இங்கிலாந்தில் மான்செஸ்டரை அடுத்த சால்ஃபோர்டில் பிறந்த ஜேம்ஸ் ஜூல். மது வடிக்கும் தொழிலைச் செய்த குடும்பம் அவருடையது. கீழே இறங்கும் எடைக்கற்களைக் கயிற்றில் கட்டி, அந்தக் கயிற்றால் ஒரு துடுப்புச் சக்கரத்தைத் தண்ணீருக்குள் சுழலச் செய்து, தண்ணீர் எவ்வளவு சூடேறுகின்றது என்று 1840-களில் மீண்டும் மீண்டும் அளந்தார். இன்றைய அளவில் சொன்னால், ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்க, ஒரு கிலோ எடை ஏறத்தாழ 427 மீட்டர் கீழே இறங்க வேண்டும். 427 மீட்டர் வீழ்ச்சிக்கு ஒரு டிகிரி என்னும் இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு நாம் காவிரிக்கரைக்குத் திரும்புவோம்.

சிவசமுத்திரத்தில் காவிரி ஏறத்தாழ 98 மீட்டர் உயரத்திலிருந்து விழுகின்றது. அங்கே இறங்கும் தண்ணீர் தன் ஆற்றலை வேறெவர்க்கும் கொடாமல் தானே வைத்துக்கொண்டால், அடிவாரத்தில் அதன் வெப்பநிலை கால் டிகிரிக்குச் சற்றுக் குறைவாக உயரும். ஒகேனக்கலில் ஏறத்தாழ 20 மீட்டர் வீழ்ச்சி. அங்கே ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்கு. ஒகேனக்கல் என்ற பெயருக்குப் புகையும் பாறை என்று கன்னடத்திலே பொருள் சொல்வர். அங்கே எழும் புகை நெருப்பின் புகையன்று, நீர்த்திவலை. ஆனால் அந்தப் பேரிரைச்சலுக்கும் திவலைக்கும் அடியில் ஒரு மெல்லிய சூடு பிறந்துகொண்டுதான் இருக்கின்றது. நம் கைக்கு அது புலப்படாது. ஜூல் 1847-இல் திருமணமான புதிதில் ஆல்ப்ஸ் மலைப்பகுதிக்குச் சென்றபோதும் நீண்ட வெப்பமானி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அருவிநீரின் சூட்டை அளக்கப் புறப்பட்டாராம். வழியில் அவரைச் சந்தித்த வில்லியம் தாம்சன், பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று புகழ்பெற்றவர், இதை எழுதிவைத்திருக்கின்றார். அருவி வழியிலேயே திவலையாகச் சிதறிவிட்டமையால் அளவெடுப்பு நிறைவேறவில்லை.

சிவசமுத்திரத்துத் தண்ணீர் வேறொரு வழியிலும் இறங்கலாம். மைசூர்த் திவான் சேஷாத்திரி ஐயர் காலத்தில் திட்டமிடப்பெற்று, 1902-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 30-ஆம் நாள் அங்கே நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிற்று. குழாய் வழியாகக் கீழே பாயும் தண்ணீர் சுழலியைச் சுழற்ற, அதனால் விளைந்த மின்சாரம் ஏறத்தாழ 92 மைல் கடந்து கோலார் தங்கவயலுக்குச் சென்றது. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்குப் பின்பு, 1905-இல்தான். தங்கவயலின் சுரங்கங்களில் இறங்கி உழைத்தவர்களுள் மிகப் பலர் தமிழர். வடார்க்காட்டிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் குடும்பத்தோடு சென்று அங்கேயே நிலைத்தவர்கள். இந்தப் பேச்சைக் கேட்பவருள் அந்தக் குடும்பங்களில் பிறந்தவர்கள் சிலரும் இருக்கலாம்.

இரண்டு வழிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அருவியாக விழுந்த தண்ணீர் சற்றே சூடாகி அடிவாரத்தை அடைகின்றது. சுழலி வழியாக இறங்கிய தண்ணீர் அவ்வாறு சூடேறாமல் அதே அடிவாரத்தை அடைகின்றது. சூடாக மாறியிருக்க வேண்டிய ஆற்றலின் பெரும்பகுதியைச் சுழலியின் அச்சுக்கு வேலையாகக் கொடுத்துவிட்டது. மொத்தக் கணக்கு இரண்டிலும் ஒன்றே. ஒரு பைசாவும் குறையாத இந்தக் கணக்கைத்தான் வெப்ப இயக்கவியலின் முதல் விதி என்கின்றோம். ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவிற்கு மாற்றத்தான் முடியும்.

இங்கே பலரும் தடுமாறும் ஓர் இடம் உண்டு. வெப்பம் என்பதும் ஆற்றல், வேலை என்பதும் ஆற்றல் என்றால், ஒரு பொருளுக்குள் எவ்வளவு வெப்பம் இருக்கின்றது, எவ்வளவு வேலை இருக்கின்றது என்று கேட்கலாமா? கேட்கலாகாது. அதற்கு விடை பாலாற்றங்கரையிலேயே இருக்கின்றது. பாலாறு கலக்கும் இடம் மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு. காவிரி ஒரு வழியாக வருகின்றது, பாலாறு ஒரு வழியாக வருகின்றது, மழையும் நேரே பெய்கின்றது. கலந்த பிறகு ஒரு குடம் நீரை முகந்து, இதில் காவிரி எவ்வளவு, பாலாறு எவ்வளவு என்று எவரேனும் பிரித்துச் சொல்ல முடியுமா? அணையிலே உள்ளது தண்ணீர் ஒன்றே. அளவுகோலில் 120 அடி என்று காட்டினால், 93.47 டி.எம்.சி. கொள்ளும் அந்த ஏரி நிறைந்திருக்கின்றது என்று அறிகின்றோம். எந்த ஆற்றால் நிறைந்தது என்று அளவுகோல் சொல்வதில்லை.

வெப்பமும் வேலையும் வருகின்ற ஆறுகளைப் போன்றவை. பொருளுக்குள் இருப்பது அக ஆற்றல். அது ஏரியிலுள்ள தண்ணீரைப் போன்றது. சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கு, வெப்பநிலை வேறுபாட்டினால் மட்டும் கடந்து செல்லும் ஆற்றலுக்கு வெப்பம் என்று பெயர். தள்ளுதல், அமுக்குதல், சுழற்றுதல் ஆகியவற்றால் கடந்து செல்லும் ஆற்றலுக்கு வேலை என்று பெயர். இரண்டும் வழியிலே இருக்கும்போது மட்டுமே அந்தப் பெயர்களுக்கு உரியவை. உள்ளே வந்த வெப்பத்திலிருந்து, பொருள் வெளியே செய்த வேலையைக் கழித்தால், அக ஆற்றல் எவ்வளவு கூடிற்று என்பது தெரியும். ஏரிக் கணக்கும் இதுதான்: வரவில் செலவைக் கழித்தால் மட்டம்.

இதற்கு வீட்டிலேயே சான்று காணலாம். மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பக்கத்தை, இருபது முப்பது முறை அடித்த பிறகு தொட்டுப் பாருங்கள், சுடும். உராய்வு சிறிது சேர்ந்தாலும், பெரும்பகுதி காற்றை அமுக்கியதால் வந்த சூடு. எந்த நெருப்பும் அதைத் தொடவில்லை. வெப்ப வழியாக ஒன்றும் வராமல், வேலை வழியாக மட்டுமே ஏரி நிரம்பியது. மறுதலையாக, அமுக்கி வைத்த காற்றைத் திறந்துவிட்டால், விரியும் காற்று வேலை செய்வதால் குளிர்கின்றது.

இது பம்போடு நிற்கும் செய்தியன்று. தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் கீழே சென்றது. மேலேயிருந்து கீழிறக்கும் காற்று, தன்மேல் உள்ள காற்றின் பாரத்தால் அமுக்குண்டு, ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு டிகிரி சூடேறும். அஃதாவது, பாறையின் சூடு ஒன்றும் சேராமலேயே, ஈரமற்ற காற்று 3,000 மீட்டர் ஆழத்தை அடையும்போது ஏறத்தாழ முப்பது டிகிரி கூடுதலாகச் சூடேறியிருக்கும். நிலத்தின் உட்சூடு அதற்கு மேலே சேரும். அத்தனை ஆழத்துப் பாறையை வெறுங்கையால் தொட முடியாது. ஆதலால் அங்கே காற்றைக் குளிரூட்டும் எந்திரங்களை நிறுவ வேண்டியதாயிற்று. 2001-இல் மூடப்பெறும் வரையில் அந்தச் சுரங்கங்களில் தொழிலாளர் போராடியது பாறையோடு மட்டுமன்று, இந்த விதிகளோடும்தான்.

இப்பொழுது ஓர் அளவுக் கணக்கைப் பார்ப்போம். மேட்டூரில் ஆயிரம் லிட்டர், அஃதாவது ஒரு டன் தண்ணீர் 120 அடி இறங்குவதாகக் கொள்வோம். அதனால் கிடைக்கும் ஆற்றல் ஏறத்தாழ 3,58,000 ஜூல். பெரிய எண்ணாகத் தோன்றுகின்றது. ஆனால் 25 டிகிரியிலுள்ள ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 3,14,000 ஜூல் வேண்டும். ஆயிரம் லிட்டர் தண்ணீர் அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கினால், ஒரு லிட்டருக்குச் சற்று மிகுதியான தண்ணீரைத்தான் கொதிக்க வைக்கலாம்! காலையில் ஒரு குடும்பத்துக்குக் காப்பி போடும் வெந்நீருக்கு ஒரு டன் காவிரி இறங்க வேண்டும். மின்சாரக் கட்டணச் சீட்டில் ஒரு யூனிட் என்று எழுதுகின்றார்களே, அது 36 லட்சம் ஜூல். அதற்குப் பத்து டன்னுக்கு மேற்பட்ட தண்ணீர் இறங்கவேண்டும். வெப்பம் என்பது எத்துணைச் செறிந்த ஆற்றல் என்பதை இது காட்டுகின்றது. ஒரு கிலோ நிலக்கரி நாலாயிரம் கிலோகலோரி வெப்பம் தருமாயின், அது ஏறத்தாழ நாற்பத்தேழு டன் தண்ணீர் 120 அடி இறங்குவதற்குச் சமம்.

நிலக்கரி அவ்வளவு வலியதாயின், நீர்மின்சாரத்திற்கு என்ன சிறப்பு என்று கேட்கலாம். அதற்கு விடையும் மேட்டூரிலேயே உண்டு. 1934-இல் கட்டிமுடிந்த அணையை ஒட்டி நீர்மின் நிலையங்கள் இருக்கின்றன. அதே ஊரில் அனல் மின் நிலையமும் இருக்கின்றது. 210 மெகாவாட் எந்திரங்கள் நான்கு 1987 தொடங்கி 1990-க்குள் அமைந்தன. 600 மெகாவாட் எந்திரம் ஒன்று பின்னர்ச் சேர்ந்தது. நல்ல நீர்ச்சுழலி, தண்ணீர் இறங்குவதால் கிடைக்கும் ஆற்றலில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வரையில் வேலையாக மாற்றிவிடுகின்றது. அனல் நிலையம் நிலக்கரியின் ஆற்றலில் நூற்றுக்கு முப்பத்தைந்து பங்கு அளவுதான் மின்சாரமாகத் தருகின்றது. எஞ்சியதில் பெரும்பகுதி வெப்பமாகவே வெளியே போகின்றது. பொறியியலார் திறமை குறைந்தவர்கள் என்பது காரணமன்று. இங்கேதான் இரண்டாம் விதி குறுக்கிடுகின்றது.

தண்ணீர் தானாக மேட்டிலிருந்து பள்ளத்திற்கே பாயும். வெப்பம் தானாகச் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்திற்கே செல்லும். கார்னோவின் ஒப்புமையில் இது சரியான பகுதி. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வேறுபாடு இல்லாத குளத்து நீர் சக்கரத்தைச் சுழற்றாது. அவ்வாறே வெப்பநிலை வேறுபாடு இல்லாத இடத்தில், எவ்வளவு வெப்பம் இருந்தாலும், அதிலிருந்து வேலை கிடைக்காது. கடலிலே அளவிறந்த ஆற்றல் சூடாக இருக்கின்றது; ஆயினும் அந்தச் சூட்டை மட்டும் உறிஞ்சிக் கப்பலை ஓட்ட முடிவதில்லை. ஒப்புமையில் பிழையான பகுதி எது? தண்ணீர் சக்கரத்தைச் சுழற்றிய பின்பும் முழு அளவும் கீழே வந்து சேரும். வெப்பமும் அவ்வாறே முழு அளவும் கீழே வந்து சேரும் என்று கார்னோ எண்ணினார். அப்படியன்று, வேலையாக மாறிய அளவு வெப்பம் குறைந்தே கீழே வருகின்றது. ஜூலின் கணக்கையும் கார்னோவின் சரிவையும் ஒன்றாக இணைத்து, 1850-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த இயலை நிறுவியவர்கள் கிளாசியஸும் கெல்வினும்.

கார்னோ வகுத்த எல்லையையும் கணக்கிடலாம். வெப்பநிலைகளைக் கெல்வின் அளவில், அஃதாவது செல்சியஸ் எண்ணோடு 273 கூட்டி, எடுத்துக்கொள்ள வேண்டும். நீராவி 540 டிகிரியில் புகுந்து 40 டிகிரியில் வெளியேறுமாயின், 813-க்கும் 313-க்கும் உள்ள வேறுபாடு 500. அதை 813-ஆல் வகுத்தால் நூற்றுக்கு ஏறத்தாழ 61. குறையே இல்லாத எந்திரம் ஒன்றைத் தேவர்கள் செய்து கொடுத்தாலும், இந்த இரு வெப்பநிலைகளுக்கு இடையே அதற்குமேல் வேலை பெற முடியாது. உராய்வு, புகைபோக்கி வழிச் சூடு, உலையிலும் குழாய்களிலும் ஏற்படும் இழப்பு எல்லாம் சேர்ந்து அதை முப்பத்தைந்து அளவுக்குக் கொண்டுவந்துவிடுகின்றன.

வெளியே தள்ளிய வெப்பம் எங்கே போகின்றது? அனல் நிலையத்திலே இடை சிறுத்த பெருங்கோபுரங்களின் உச்சியில் வெண்மேகம்போல எழுவதைப் பலர் புகை என்று எண்ணுகின்றனர். அது குளிர்விப்புக் கோபுரத்திலிருந்து வரும் நீராவி குளிர்ந்து ஆன நீர்த்துளிக் கூட்டம். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் வேண்டும். கணக்கிட்டால், அனல் நிலையம் ஒரு யூனிட் மின்சாரம் தரும்போது ஏறத்தாழ இரண்டு லிட்டர் தண்ணீர் வானத்திற்குப் போகின்றது. இங்கே காவிரியை நம்பியிருப்போர் நினைக்கவேண்டிய ஒன்று உண்டு. நீர்மின் நிலையம் ஒரு யூனிட்டுக்குப் பத்து டன்னுக்கு மேல் தண்ணீரை இறக்கினாலும், அவ்வளவையும் ஆற்றுக்கே திருப்பித் தருகின்றது. அது தஞ்சை வயல்களுக்கு மேலும் பாயலாம். அனல் நிலையம் எடுப்பது சிறிது; ஆனால் ஆவியாய்ப் போனது அந்த ஆற்றுக்கு உடனே திரும்புவதில்லை. ஒன்று தண்ணீரின் உயரத்தைச் செலவிடுகின்றது. மற்றொன்று தண்ணீரையே செலவிடுகின்றது. இரு மாநிலத்தாரும் ஒவ்வொரு கன அடியையும் எண்ணிப் பார்க்கும் ஓர் ஆற்றங்கரையில் இந்த வேறுபாடு சிறியதன்று.

முதல் விதியை அறிந்தவர் ஏமாறுவதும் அரிது. 1996-ஆம் ஆண்டில், மூலிகையைத் தண்ணீரில் இட்டுக் காய்ச்சினால் பெட்ரோல் கிடைக்கும் என்ற பேச்சு தமிழகத்தில் எழுந்து நாடு முழுவதும் பரவியது. ஒரு லிட்டர் பெட்ரோலில் மூன்றரைக் கோடி ஜூலுக்குச் சற்றுக் குறைந்த ஆற்றல் அடங்கியிருக்கின்றது. தண்ணீர் எரிந்து முடிந்த பொருள். அதில் எரிய இனி ஒன்றுமில்லை. ஒரு கைப்பிடி இலையிலே உள்ள ஆற்றல் சிறிது. பாக்கி எந்த வழியாக உள்ளே வந்தது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். எரிபொருள் இல்லாமல் ஓடும் எந்திரம், மின்சாரத்தைத் தானே பெருக்கிக்கொள்ளும் பெட்டி என்றெல்லாம் விளம்பரங்கள் இன்றும் வருகின்றன. வரவு எங்கே என்று கேளுங்கள். விடை வராவிட்டால் பணத்தைக் கொடாதீர்கள்.

இறுதியாக, எந்திரங்களுள் மிகப் பழைய எந்திரமாகிய நம் உடம்பைப் பற்றிச் சில சொற்கள். இந்த இயலின் வரலாற்றிலேயே மனித உடம்புக்கு இடமுண்டு. ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் மாயர் 1840-இல் கப்பல் மருத்துவராக ஜாவாத் தீவுக்குச் சென்றார். அங்கே மாலுமிகளின் சிரை இரத்தம் தம் நாட்டில் கண்டதைவிடச் சிவந்திருப்பதைக் கண்டார். வெப்ப நாட்டில் உடம்பைச் சூடாக வைக்கக் குறைந்த அளவு எரித்தாலே போதும், ஆதலால் பிராணவாயு மிஞ்சுகின்றது என்று எண்ணத் தொடங்கி, உணவு, வெப்பம், வேலை மூன்றும் ஒரே கணக்கில் அடங்கும் என்னும் முடிவை 1842-இல் வெளியிட்டார். நம்மைப் போன்றோர் வாழும் கீழ்த்திசை வெயிலிலேதான் அவருக்கு அந்த எண்ணம் தோன்றிற்று.

நாளொன்றுக்கு 2,400 கிலோகலோரி உண்பவரின் உடம்பு, பகலிரவு சராசரியாக 116 வாட் எந்திரம். உழைக்கும் தசை, தான் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு அல்லது நான்கில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும்; எஞ்சியது வெப்பம். கட்டட வேலையில் 60 கிலோ உடம்பும் 20 கிலோ சுமையுமாக ஒருவர் மூன்று மீட்டர் உயரம் நாளொன்றுக்கு நூறு முறை ஏறுகின்றார் என்று கொள்வோம். அவர் செய்த வேலை இயற்பியல் கணக்கில் 56 கிலோகலோரி மட்டுமே. அதற்காக அவர் உடம்பு எரித்தது ஏறத்தாழ 280 கிலோகலோரி. மிஞ்சிய 224-உம் வெப்பமாக வெளியேறியாக வேண்டும். காற்று உடம்பைவிடக் குளிர்ந்திருந்தால் அதில் ஒரு பகுதி தானே போய்விடும். நண்பகலில் காற்று உடம்பைவிடச் சூடாகிவிட்டால், வெப்பம் சரிவில் மேலே ஏறாது. வெளியிலிருந்து உள்ளே வரத் தொடங்கும். அப்பொழுது வியர்வை ஆவியாவது ஒன்றே வழி. அந்த 224 கிலோகலோரிக்கு ஏறத்தாழ 400 மில்லிலிட்டர் வியர்வை ஆவியாக வேண்டும். இறங்குவது, நிற்பது, கலவை குழைப்பது, வெயிலில் இருப்பதே ஆகிய மற்றவற்றுக்குரிய கணக்கு தனி.

வியர்வை வழிந்து தரையில் சொட்டினால் அது வெப்பத்தை எடுத்துச் செல்வதில்லை. ஆவியானால் மட்டுமே எடுத்துச் செல்லும். மும்பையிலும் கல்கத்தாவிலும் கடற்காற்றின் ஈரத்தால் வியர்வை காய்வதில்லை என்பதை அங்கே வாழ்வோர் நன்கு அறிவர். டெல்லியின் வறண்ட வெயிலைவிடக் குறைந்த வெப்பநிலையிலும் ஈரக்காற்று உடம்பை வாட்டுவதற்கு இதுவே காரணம். வெளியேற வழியில்லாத வெப்பம் உடம்புக்குள்ளேயே தேங்கும். ஏரியின் மதகுகள் எல்லாம் அடைபட்டுவிட்டன, வரவு மட்டும் நிற்கவில்லை. மட்டம் உயர்கின்றது. தலைசுற்றல், குழப்பமான பேச்சு, மயக்கம் என்று அது வெளிப்படும். காலம் தாழ்த்தினால் உயிருக்கே தீங்காகும். அந்த நிலையில் ஒருவரை நிழலுக்குக் கொண்டுசெல்வது ஒரு மதகை அடைப்பது. உடம்பை நனைத்து விசிறுவது மற்றொரு மதகைத் திறப்பது. மருத்துவர் வரும் வரையில் செய்யவேண்டியவை இவையே.

ஆகையால், ஊர் விட்டு ஊர் சென்று செங்கற்சூளையிலும் கட்டடத்திலும் உணவுவிடுதிச் சமையற்கட்டிலும் உழைக்கும் நம்மவர்க்கு, நிழலும் தண்ணீரும் நண்பகல் ஓய்வும் சலுகைகள் அல்ல. வேலை கொடுப்போர் இரக்கப்பட்டுத் தரும் கொடையுமல்ல. ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே வேலையாகவும் எஞ்சிய நான்கு பங்கும் வெப்பமாகவும் போகும் ஓர் எந்திரத்துக்கு உரிய குளிர்விப்பு அவை. அனல் நிலையத்தை ஒருவரும் குளிர்விப்புக் கோபுரம் இல்லாமல் ஓட்டச் சொல்வதில்லை. மனிதனை மட்டும் ஏன் அவ்வாறு ஓட்டச் சொல்ல வேண்டும்?

வெப்ப இயக்கவியலை இன்னும் கற்க விரும்பும் மாணவர்க்கு இந்த மூன்று கேள்விகளைத் தந்து நிறுத்துகின்றோம். எந்த எந்திரத்தைக் கண்டாலும், அடுப்பானாலும், குளிர்பதனப் பெட்டியானாலும், நம் கையானாலும், கேட்டுப் பாருங்கள்: ஆற்றல் எங்கிருந்து வந்தது? வெப்பம், வேலை ஆகிய இரு வழிகளில் எந்த வழியாக வந்தது? வேலையாக மாறாத பாக்கி எங்கே போயிற்று? மூன்றுக்கும் விடை கண்டவர் முதல் விதியையும் இரண்டாம் விதியையும் கண்டவராவார்.